அப்பா நாள் முழுவதும் நியூஸ் சேனல் பார்க்கிறார், நிறுத்தலாமா?

கேள்வி:

டாக்டருக்கு வணக்கம். எங்கள் ஊர் மன்னார்குடி பக்கம். அப்பாவுக்கு 68 வயது, மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். 2024 பொங்கலுக்கு முன்பு அம்மா தவறிவிட்டார். அதிலிருந்து அப்பா எங்களோடு இருக்கிறார். காலையில் பல் தேய்ப்பதற்கு முன்பே நியூஸ் சேனலைப் போட்டுவிடுவார், இரவு பதினொன்று வரை ஓடும். டிவி இல்லாத நேரத்தில் போனில் அதே செய்திகள். தம்பி குவைத்தில் வேலை பார்க்கிறான். அந்த வருஷம் ஜூனில் அங்கே மங்காஃப் கட்டடத் தீ விபத்து நடந்த அன்று தம்பி போனை எடுக்க மதியம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகுதான் இது ரொம்ப அதிகமானது. பிளஸ் ஒன் படிக்கும் என் மகளை டியூஷனுக்கு அனுப்பக் கூடாது என்கிறார். நான் ஆபீசிலிருந்து வர அரை மணி தாமதமானால் பத்து தடவை போன். விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து உட்கார்ந்திருக்கிறார். இளைத்துவிட்டார். சங்கக் கூட்டம், கோயில் எதற்கும் போவதில்லை.

போன மாதம் கோபத்தில் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. "நாட்டுல என்ன நடக்குதுன்னே தெரியாம இருக்கச் சொல்றியா?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இது நோயா, பழக்கமா? டிவியை நிறுத்திவிடலாமா? இத்தனைக்கும் அவரைக் குறை சொல்கிற நானே ராத்திரி படுத்த பிறகு ஒரு மணி நேரம் போனில் இதையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தக் கேபிள் இன்னும் மாட்டப்படாமல் இருந்தால் இன்றைக்கே மாட்டிவிடுங்கள். மாட்டும்போது "கோவத்துல செஞ்சுட்டேன்ப்பா" என்று ஒரு வார்த்தையும் சொல்லிவிடுங்கள். கேபிளைக் கழற்றியது கொடுமை என்று சொல்ல வரவில்லை. பத்து தடவை போன் வந்தால் யாருக்கும் பொறுமை போகத்தான் செய்யும். ஆனால் அப்பா எதற்காக அந்த டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்தால், அதைப் பிடுங்குவது அவர் பயத்தை அதிகமாக்கும் என்பது உங்களுக்கே புரியும்.

2024 ஜூன் 12-ஐ அவர் இடத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். மனைவி போய் ஆறு மாதம்கூட ஆகவில்லை. மகன் வேலை செய்யும் ஊரில் தொழிலாளர்கள் தங்கியிருந்த அடுக்குமாடிக் கட்டடம் பற்றி எரிகிறது. புகை படிந்த ஜன்னல்களைத் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள். இறந்தவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது, பெயர்கள் வரவில்லை. மகன் போனை எடுக்கவில்லை. இரண்டு நாள் கழித்து 45 இந்தியர்களின் உடல்கள் விமானப்படை விமானத்தில் கொச்சிக்கு வந்து சேர்ந்தன. அதில் 7 பேர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். அந்த நாட்களில் எந்தத் தகப்பனும் டிவி முன்னால்தான் உட்கார்ந்திருப்பார், உட்கார்ந்தது நியாயமும்கூட. சிக்கல் அதற்குப் பிறகு வந்தது. தம்பி பத்திரமாக இருக்கிறான் என்று தெரிந்த பிறகும் அவர் மனம் அந்தக் காவலை விட்டு இறங்கவில்லை. கண்ணை எடுத்தால் ஏதாவது நடந்துவிடும் என்று உள்ளே ஒரு கணக்கு. முதல் தடவை அம்மா விஷயத்தில் நடந்தேவிட்டது. தம்பி, நீங்கள், பேத்தி, மிச்சம் இருக்கும் மூன்று பேரையும் அவர் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு காவல் காக்கிறார். வயலுக்குக் காவல் இருப்பவனிடமிருந்து டார்ச்சைப் பிடுங்கிக்கொண்டால் அவன் தூங்கிவிடுவானா?

நோயா பழக்கமா என்று கேட்டிருக்கிறீர்கள். செய்தி பார்ப்பது நோய் இல்லை. ஆனால் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் மூன்று விஷயங்கள் எனக்குக் கவலை தருகின்றன. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்து மறுபடி தூக்கம் பிடிக்காமல் இருப்பது, உடம்பு இளைப்பது, முன்பு ஆசையாகப் போன இடங்களுக்குப் போகாமல் விடுவது. இந்த மூன்றும் சேர்ந்து வரும்போது நாங்கள் மனச்சோர்வு நோய் இருக்கிறதா என்று கட்டாயம் பார்ப்போம். வயதானவர்களிடம் அது அழுகையாக வருவது குறைவு. பயமாக, எரிச்சலாக, பசியின்மையாக, "ஏதோ நடக்கப்போகுது" என்ற ஓயாத பதற்றமாகத்தான் வரும். தைராய்டு, சர்க்கரை, பி-12 குறைபாடு இவையும் இப்படிக் காட்டலாம். ஆகவே டிவியைப் பற்றி எந்த முடிவு எடுக்கும் முன்பும் அவரை ஒரு மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளிலேயே இலவசமாகப் பார்க்கிறார்கள். மனைவியை இழந்த துக்கம் இரண்டாம் வருஷத்தில் இப்படி உருமாறி வருவதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். அது மனச்சோர்வுதான் என்றால் மருந்தும் பேச்சும் நன்றாகவே வேலை செய்யும். அதைக் கவனிக்காமல் டிவியை மட்டும் அணைத்தால், அதே மனிதர் இருட்டு ஹாலில் அதே பயத்தோடு உட்கார்ந்திருப்பார்.

சரி, செய்திக்கு வருகிறேன். மனச்சோர்வு இருக்கிறதோ இல்லையோ, அப்பா பார்க்கும் அளவுக்குப் பார்த்தால் யாருக்கும் பாதிப்பு வரும். இது ஊகம் இல்லை.

2013 ஏப்ரல் 15 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மாரத்தான் ஓட்டம் நடந்துகொண்டிருந்த இடத்தில் குண்டு வெடித்தது. அடுத்த சில வாரங்களில் ஆய்வாளர்கள் நாடு முழுவதும் 4,675 பேரிடம் விசாரித்தார்கள். குண்டு வெடித்த இடத்திலோ அருகிலோ இருந்தவர்கள் ஒரு பக்கம். அந்த வாரத்தில் தினம் ஆறு மணி நேரத்துக்கு மேல் அந்தச் செய்தியையே பார்த்தவர்கள் இன்னொரு பக்கம். நெஞ்சுப் படபடப்பு, கெட்ட கனவு, அந்தக் காட்சியே கண்முன் வந்து நிற்பது போன்ற கடும் மன அழுத்த அறிகுறிகள் யாருக்கு அதிகம் இருந்தன தெரியுமா? வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு. நேரில் இருந்தவருக்கு அந்த வெடிச் சத்தம் ஒரு முறை கேட்டது. டிவியில் பார்த்தவருக்கு அது நாளெல்லாம் வெடித்துக்கொண்டே இருந்தது.

இதை நம் ஊர் சேனலில் நீங்களே கவனிக்கலாம். 'பதைபதைக்க வைக்கும் சிசிடிவி காட்சி' என்று சிவப்புப் பட்டை போட்டு ஒரு விபத்தைக் காட்டுவார்கள். பைக் வரும், லாரி திரும்பும். மோதும் இடத்தில் நிறுத்தி, வட்டம் போட்டு, மெதுவாக ஓட்டி, பின்னணியில் திடும் திடும் என்று இசை கொடுத்து, மறுபடி முதலிலிருந்து. செய்தி வாசிப்பவர் பேசி முடிப்பதற்குள் அந்த மனிதர் ஏழெட்டுத் தடவை லாரியில் மோதிவிடுவார். பிறகு கீழே ஓடும் வரியில் அதே செய்தி. அடுத்த மணிச் செய்தியில் அதே காட்சி. ராத்திரி குற்ற நிகழ்ச்சியில் நடிகர்களை வைத்து இன்னொரு முறை. நடந்தது ஒரே விபத்து. மனது அதை ஒன்று என்று எண்ணுவதில்லை. எவ்வளவு சுலபமாக ஒரு காட்சி நினைவுக்கு வருகிறதோ, அவ்வளவு அடிக்கடி அது நடக்கிறது என்று மனம் எடுத்துக்கொள்ளும். ட்வெர்ஸ்கி, கானமன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1973-லேயே இதை விளக்கிவிட்டார்கள். நீங்கள் அரை மணி தாமதமாகும்போது அப்பாவின் கண்ணுக்குள் ஓடுவது அந்த லாரிதான். பத்தாவது தடவை அவர் போன் செய்யும்போது உங்களைச் சந்தேகப்படவில்லை, அந்த லாரியைத் துரத்துகிறார்.

இன்னொரு ஆய்வும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது உங்கள் வீட்டில் நடப்பதை அப்படியே சொல்கிறது. 1997-ல் இங்கிலாந்தில் வெளியானது. பதினான்கே நிமிடச் செய்தித் தொகுப்பு. ஒரு குழுவுக்கு நல்ல செய்திகள், ஒரு குழுவுக்குச் சாதாரணச் செய்திகள், ஒரு குழுவுக்குக் கெட்ட செய்திகள். கெட்ட செய்தி பார்த்தவர்களுக்கு மனம் சோர்ந்தது, பதற்றம் கூடியது. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் அதன் பிறகு அவரவர் சொந்தக் கவலையைப் பற்றிப் பேசச் சொன்னபோது, செய்தியோடு சம்பந்தமே இல்லாத அந்தக் கவலையும் பெரிதாகிப்போயிருந்தது. "இப்படி ஆனா என்ன, அப்புறம் அப்படி ஆனா என்ன" என்று மோசமான முடிவு வரை இழுத்துக்கொண்டு போனார்கள். பதினான்கு நிமிடத்துக்கே இப்படி. எங்கோ நடந்த கொலையைப் பார்த்துவிட்டு அப்பா பேத்தியின் டியூஷனைப் பற்றிப் பேசுவது உங்களுக்குச் சம்பந்தமில்லாததாகத் தெரிகிறது. அவருக்குள் அது ஒரே இழைதான்.

இதற்காகச் செய்தி சேனலில் இருப்பவர்கள் எல்லாம் கெட்டவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, எந்தத் தெருவுக்குப் படகு வரவில்லை என்று சொன்ன நிருபர்களால் உயிர்கள் பிழைத்திருக்கின்றன. ஆனால் 24 மணி நேரத்தை நிரப்ப வேண்டியிருக்கிறது, பார்ப்பவரைச் சேனல் மாற்ற விடக் கூடாது. எது பார்ப்பவரைப் பிடித்து நிறுத்தும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஓர் அமெரிக்க இணையதளம் ஒரே செய்திக்குப் பல தலைப்புகள் போட்டுப் பார்த்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகளை ஆராய்ந்து 2023-ல் ஒரு கட்டுரை வந்தது. தலைப்பில் கெட்ட வார்த்தை, அதாவது பயம், சாவு, நாசம் மாதிரி ஒரு சொல் கூடினால் அதைத் திறந்து பார்ப்பவர்கள் 2.3 சதவீதம் கூடினார்கள். கேட்க அற்பமாக இருக்கும். லட்சக்கணக்கான பார்வைகளில் அது பெரிய பணம். 'அதிர்ச்சி', 'பகீர்', 'கதறல்' என்று நம் தலைப்புகள் இருப்பதற்குக் காரணம் இதுதான். ஆபத்தின் பக்கம் சட்டென்று திரும்புவது மனித உடம்போடு பிறந்த குணம். அப்பா பலவீனமானவர் என்பதால் அவருக்கு இது நடக்கவில்லை.

அவர் வேலையில் இருந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். காலை 7.15-க்கு ஆகாசவாணியில் டெல்லியிலிருந்து தமிழ்ச் செய்தி. சரோஜ் நாராயண்சுவாமியின் கணீர்க் குரல் வீடு வீடாகக் கேட்கும். அதிலும் போர் இருந்தது, ரயில் விபத்து இருந்தது, பஞ்சம் இருந்தது. ஆனால் கொஞ்ச நேரத்தில் "இத்துடன் செய்திகள் முடிவடைந்தன" என்று சொல்லிவிடுவார்கள். அப்புறம் குளிக்கப் போகலாம், கம்பத்தில் ஏறப் போகலாம். டீக்கடையில் ஒருவர் பேப்பரைச் சத்தமாகப் படிப்பார், நாலு பேர் கேட்பார்கள், ஒருவர் திட்டுவார், ஒருவர் "அட, அப்படியெல்லாம் இருக்காதுப்பா" என்பார். பயம் அங்கேயே நாலு பேர் நடுவில் கரைந்துவிடும். இப்போது உங்கள் அப்பாவுக்குச் செய்தி முடிவதே இல்லை, பக்கத்தில் பேச ஆளும் இல்லை. அவரைத் தின்பது செய்தி மட்டும் இல்லை, செய்தியோடு தனியாக விடப்பட்டிருப்பதும்தான். நான் உங்களுக்குச் சொல்லப்போகும் யோசனைகள் எல்லாம் இந்த இரண்டையும் சரிசெய்வதற்காகத்தான்: செய்திக்கு ஒரு முடிவு வேண்டும், ஒரு துணை வேண்டும்.

அதற்கு முன் டியூஷன் விஷயம். இதில் அப்பாவின் பயத்தை நீங்கள் ஒரேயடியாகத் தள்ளிவிடவும் கூடாது. பெண் குழந்தைக்கு ஆபத்தே இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் டிவி அந்தப் பயத்தைத் தவறான இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளில் வருஷா வருஷம் ஒரே விஷயம்தான் வருகிறது. போக்சோ சட்டத்தில் பதிவாகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் 90 சதவீதத்துக்கும் மேல் குற்றம் செய்தவர் குழந்தைக்குத் தெரிந்தவர்: உறவினர், பக்கத்து வீடு, பழகிய ஆள். டியூஷனுக்குப் போகும் தெருவை மூடிவிட்டால் இது தீராது. ஏதாவது சங்கடம் என்றால் தாத்தாவிடம் தயங்காமல் சொல்லலாம் என்ற தைரியம் அவளுக்கு இருந்தால் அதுதான் பாதுகாப்பு. இன்று "தாத்தாகிட்ட சொன்னா வெளியவே விடமாட்டாரு" என்று அவள் நினைக்கத் தொடங்கியிருப்பாள். இதை அப்பாவிடம் நிதானமாகச் சொல்லுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருவருக்கும் தெரிந்திருக்கட்டும். சாலைக்கும் இதேதான். தமிழ்நாட்டில் வருஷத்துக்கு 17 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சாலை விபத்தில் இறக்கிறார்கள், ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஐம்பது பேர். டிவியில் வருவது அதில் கேமராவில் சிக்கிய ஒன்றிரண்டு. மற்றவர்கள் செய்தியாவதே இல்லை. மகளை ஸ்கூட்டியில் ஏற்றிப் போகும்போது அவள் தலையிலும் ஹெல்மெட் இருக்கிறதா என்று அப்பா தினமும் பார்க்கட்டும். பத்து போன் காலைவிட அது பெரிய காவல்.

போனில் வரும் ஃபார்வர்ட் செய்திகளை அவர் குடும்ப குரூப்பில் போடுகிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. போடுவார் என்றே நினைக்கிறேன், ஏனென்றால் பயந்தவர்கள் எல்லோரும் மற்றவர்களை எச்சரிக்கத்தான் பார்ப்பார்கள். அதில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாக இருங்கள். 2018 மே மாதம் சென்னையிலிருந்து குலதெய்வம் கோயிலுக்குப் போன ஒரு குடும்பம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே வழி கேட்க நின்றது. அங்கிருந்த பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருக்கிறது என்று அந்தப் பகுதி முழுக்க வாட்ஸ்அப்பில் வதந்தி ஓடிக்கொண்டிருந்த சமயம். கூட்டம் கூடி அடித்ததில் அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி இறந்துபோனார். அடித்தவர்கள் ரவுடிகள் இல்லை. குழந்தைகளைப் பெற்றவர்கள், வாரக்கணக்கில் பயத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவர்கள். நாடு முழுவதும் இதுபோல் நடந்ததால்தான் அந்த ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து பேருக்கு மேல் ஒரே நேரத்தில் அனுப்ப முடியாதபடி மாற்றியது. இந்தச் சம்பவத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனத்துப்போகிறது. கெட்ட செய்தி மனிதரைச் சோகமாக்குவதோடு நிற்பதில்லை. எதிரில் வருபவரைத் திருடனாகக் காட்டிவிடுகிறது. ஜார்ஜ் கெர்ப்னர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் அதிகம் டிவி பார்ப்பவர்கள் உலகத்தை இருப்பதைவிடக் கொடியதாக நம்புவதைப் பல வருஷம் ஆராய்ந்து சொன்னார். நம் ஊரில் அதற்கு ஒரு உயிர் போனது.

இப்போது அப்பாவின் கேள்வி. "நாட்டுல என்ன நடக்குதுன்னே தெரியாம இருக்கணுமா?" வேண்டாம். அந்தக் கேள்வியில் சுயமரியாதை இருக்கிறது. ஓட்டுப் போடுகிறவர், சங்கத்தில் இருந்தவர், அவருக்குத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு. ராய்ட்டர்ஸ் ஆய்வு மையம் பல நாடுகளில் எடுக்கும் கணக்கில், செய்தியே வேண்டாம் என்று அடிக்கடியோ அவ்வப்போதோ ஒதுங்குபவர்கள் 2017-ல் 29 சதவீதமாக இருந்து 2024-ல் 39 சதவீதமாகிவிட்டார்கள். அதை நான் நல்ல அறிகுறியாகப் பார்க்கவில்லை. உங்கள் பக்கம் புயல் எச்சரிக்கை தெரியாமல் இருப்பது ஆபத்து. 1999-ல் ஒடிசாவில் பெரும் புயலில் ஏறக்குறைய பத்தாயிரம் பேர் இறந்தார்கள். 2013-ல் அதே கரையில் பைலின் புயல் அடித்தபோது பல லட்சம் பேரை முன்கூட்டியே வெளியேற்றினார்கள், இறந்தவர்கள் ஏறக்குறைய 45 பேர். சரியான செய்தி சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்ததும் அதற்கு ஒரு காரணம். ஆனால் சாகாமல் தப்பித்த அந்த ஆயிரக்கணக்கானவர்கள் எந்தப் பிரேக்கிங் நியூஸிலும் வர மாட்டார்கள். மெல்ல நடக்கும் நல்லது டிவிக்குத் தெரியாது. 1971-ல் நம் நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 ஒரு வயதுக்குள் இறந்தன. 2023 கணக்கில் அது 25.

இந்த எண்களை அப்பாவிடம் கொண்டுபோய் வாதாடாதீர்கள். பயந்திருப்பவரிடம் புள்ளிவிவரம் சொன்னால் "உனக்கு என்ன தெரியும்" என்றுதான் வரும். அதற்குப் பதில் ஒருநாள் சாயங்காலம் அவரிடம் கேளுங்கள்: உங்களோடு பிறந்தவர்களில் சின்ன வயசிலேயே போனவர்கள் உண்டா, உங்கள் ஊருக்குக் கரண்ட் எந்த வருஷம் வந்தது, முதல் கம்பம் நட்டபோது எப்படி இருந்தது என்று. அவர் காலத்து வீடுகளில் பெரும்பாலும் ஒன்றிரண்டு பிள்ளைகள் தவறிய கதை இருக்கும். அதோடு அவர் கையாலேயே வெளிச்சம் கொடுத்த தெருக்களும் இருக்கும். அவர் பேசட்டும், மகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

டிவியைப் பொறுத்தவரை, நேரத்தை அவரே முடிவு செய்யட்டும். "எதுப்பா நல்ல செய்தி, ஏழு மணியா எட்டு மணியா?" என்று கேட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அந்த அரை மணி நேரம் நீங்களோ மருமகனோ கூட உட்காருங்கள். இது முக்கியம். அவரோடு சேர்ந்து பாருங்கள், பேசுங்கள், முடிந்ததும் அணைத்துவிட்டுச் சாப்பிடப் போங்கள். காலையில் டிவிக்குப் பதில் நாளிதழ் வாங்கிக் கொடுங்கள். பேப்பரிலும் கொலை வரும், ஆனால் அது அசையாது, இசை போடாது, கடைசிப் பக்கத்தோடு தீர்ந்துவிடும். முடிந்தால் வீட்டில் போடாமல் டீக்கடையில் போய்ப் படிக்கச் சொல்லுங்கள். போனில் நியூஸ் ஆப்களின் அறிவிப்பு ஒலியை அவர் சம்மதத்தோடு அணைத்துவிடுங்கள். ராத்திரி குற்ற நிகழ்ச்சி மட்டும் வேண்டவே வேண்டாம் என்பது என் திடமான கருத்து. அதில் யாருக்கும் எந்தத் தகவலும் இல்லை. ஒரே நாளில் இதெல்லாம் நடக்காது. முதல் வாரம் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் டிவி இல்லை என்று தொடங்கினாலும் போதும்.

தம்பியிடம் பேசுங்கள். குவைத் நேரம் நமக்கு இரண்டரை மணி பின்னால். அவன் வேலை முடிந்து ஏழு மணிக்குக் கூப்பிட்டால் இங்கே ஒன்பதரை. அந்த நேரத்தைத் தினமும் ஒரே மாதிரி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், இரண்டு நிமிடம் பேசினாலும் சரி. அந்தப் பக்கம் எங்கே என்ன நடந்தாலும் மற்ற வேலைக்கு முன் "நல்லா இருக்கேன்" என்று அப்பாவுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போட வேண்டும் என்று வாக்கு வாங்கிக்கொள்ளுங்கள். தங்கும் இடத்தின் முகவரி, கூட இருக்கும் இரண்டு நண்பர்களின் நம்பர், இந்தியத் தூதரக உதவி எண் எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் எழுதி அப்பாவின் பர்ஸில் வையுங்கள். அன்று அவரைக் கலங்கடித்தது போனை எடுக்கவில்லை என்பதோடு, வேறு யாரைக் கேட்பது என்று தெரியாமல் போனதும்தான்.

அப்புறம், அவர் பயத்துக்குக் கையில் ஒரு வேலை வேண்டும். மழைக்காலம் வந்தால் அறுந்து விழுந்த கம்பியை மிதித்து ஒருவர் இறந்தார் என்று செய்தி வரும். உங்களாலும் என்னாலும் 'ஐயோ பாவம்' என்பதற்கு மேல் எதுவும் செய்ய முடியாது. அவரால் முடியும்! தொங்கும் கம்பி எது, மரம் உரசும் லைன் எது, துருப்பிடித்த கம்பம் எது என்று தெருவில் நடந்தாலே அவர் கண்ணுக்குத் தெரியும். மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்குப் புகார் கொடுக்க அவரைவிடப் பொருத்தமானவர் யார்? பேத்தியின் பள்ளியில் மின் பாதுகாப்பு பற்றி அரை மணி நேரம் பேச அழைத்தால் மறுப்பாரா? ஓய்வூதியர் சங்கத்தில் பழைய நண்பர் ஒருவரிடம் நீங்களே ரகசியமாகச் சொல்லி, வீட்டுக்கு வந்து அழைத்துப் போகச் சொல்லுங்கள். "போயிட்டு வாங்கப்பா" என்று நீங்கள் சொல்வதைவிட, "வாய்யா, கையெழுத்து போடணும்" என்று அவர் வந்து நிற்பது வேலை செய்யும்.

உங்கள் விஷயத்துக்குச் சுருக்கமாகவே சொல்கிறேன். போனைப் படுக்கையறைக்கு வெளியே சார்ஜ் போடுங்கள், அலாரத்துக்கு ஒரு கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள். நாளெல்லாம் வீட்டையும் ஆபீசையும் பார்த்துவிட்டு, உங்களுக்கென்று கிடைக்கும் ஒரே நேரம் அந்த ராத்திரிதான் என்பதால் போனை விட மனசு வருவதில்லை. அந்த ஒரு மணி நேரம் உங்களுக்கு வேண்டியதுதான். அதைச் சேனல்களுக்குக் கொடுக்காதீர்கள். அம்மாவை இழந்தது அப்பா மட்டும் இல்லை, நீங்களும்தான். அதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரியோடு நிறுத்திவிட்டீர்கள். டாக்டரைப் பார்க்கப் போகும்போது உங்களுக்கும் பேச ஐந்து நிமிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

போகும்போது அப்பா சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் சீட்டையும், கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனை இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள். ஒரு வாரத்துக்கு அவர் எத்தனை மணிக்குத் தூங்கி எத்தனை மணிக்கு எழுகிறார் என்று குறித்து வையுங்கள், அது எங்களுக்கு மிகவும் உதவும். வர மறுத்தால் மனநலம் என்று சொல்லித் தொடங்க வேண்டாம், "தூக்கத்துக்குக் காட்டிட்டு வரலாம்ப்பா" என்று சொல்லுங்கள், அது பொய்யும் இல்லை. இதற்கிடையில் "நான் இருந்து என்ன", "உங்க அம்மாகிட்டயே போயிடலாம்" என்பது போல ஏதாவது சொன்னால் அதைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். சாகணும்னு தோணுதாப்பா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வராது. ஆமாம் என்றால் அவரைத் தனியாக விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழ்நாடு அரசின் மருத்துவ உதவி எண் 104, இரண்டிலும் எந்நேரமும் தமிழில் பேசலாம்.